பதினைந்தாம் பக்கத்துப் பச்சைக் கோட்டு

ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். அச்சகத்தில் அதை ஒரு பாரம் என்போம். மடித்தபடியே ஒன்று முதல் பதினாறு வரை எண் போட்டுவிட்டுத் தாளை விரித்துப் பாருங்கள். எண்கள் திசைக்கொன்றாகக் கிடக்கும், பாதி தலைகீழாக நிற்கும். ஆனாலும் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. தாளின் ஒரு முகத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16. மறுமுகத்தில் 2, 3, 6, 7, 10, 11, 14, 15. எத்தனை தாள் மடித்தாலும் இந்த எட்டும் ஒரு கூட்டு, அந்த எட்டும் ஒரு கூட்டு. மாறாது.

முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால் அக்கா தன் முதல் படப் புத்தகத்தை வரைய உட்கார்ந்தபோது, பழைய காலண்டர் தாள் ஒன்றை மடித்து இதை அவளுக்குக் காட்டினேன். அவள் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. நான் அச்சகத்தில் பேஸ்டிங், அதாவது பக்கங்களை இடம் பார்த்து ஒட்டும் வேலையில் இருந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "அண்ணி, இவர்கிட்ட உப்பை எடுங்கன்னு சொன்னா கடல்ல இருந்து ஆரம்பிப்பாரு. வசமா மாட்டிக்கிட்டீங்க" என்றாள். அக்கா சிரிக்கவில்லை. தாளை விரிப்பதும் மடிப்பதுமாக, ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புத்தகத்துக்குத்தான் அந்த வருடத்தின் சிறந்த சிறுவர் நூல் பரிசு கிடைத்தது. பெயர் 'ஏழாவது விளக்குக் கம்பம்'. அதன் பதினைந்தாம் பக்கம் அக்கா வரைந்தபடி அச்சாகவில்லை. மாறிப்போனதற்குக் காரணம் நான். இப்போது அவளுக்கு அறுபத்தாறு வயது, கண் போய்க்கொண்டிருக்கிறது. முழுவதும் போவதற்குள் அந்த ஒரு பக்கத்தைச் சரியான நிறத்தில் புத்தகத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

எப்படி மாறியது என்பதைச் சொல்ல வேண்டுமானால், அந்தக் காலத்தில் படப் புத்தகம் எப்படி உருவானது என்பதைச் சொல்ல வேண்டும். கடலில் இருந்துதான் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மை இருந்தால் உலகத்திலுள்ள எல்லா நிறத்தையும் கலந்து காட்டிவிடலாம். எங்களுக்குக் கிடைத்தது மூன்று: கறுப்பு, பச்சை, ஆரஞ்சு. இப்படிக் குறைந்த மையில் செய்யும் புத்தகத்துக்கு ஓவியர் நிறத்தில் வரைவதில்லை. ஒவ்வொரு மைக்கும் ஒரு ஒளிபுகும் தாள். அதில் அந்த மை விழவேண்டிய இடத்தை மட்டும் கறுப்பில் வரைய வேண்டும். பச்சைக்கான தாளும் கறுப்புத்தான், ஆரஞ்சுக்கான தாளும் கறுப்புத்தான். கேமராவுக்குக் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு எதுவும் பிடிக்காது. மூன்று தாள்களின் ஓரத்திலும் ஒரே இடத்தில் சின்னச் சிலுவைக் குறிகள் இருக்கும். அவை ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் படமும் உட்காரும். மெஷினில் மை பட்டுத் தாள் வெளியே வரும் வரை அந்தப் படம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. வரைந்தவளே அதைப் பார்த்திருக்கமாட்டாள்.

அக்காவின் தாள்களைப் படமெடுத்து, பிலிமாக்கி, லைட் டேபிளில் வைத்து ஒட்டுவது என் வேலை. மேசைக்கு அடியில் விளக்கு, மேலே கண்ணாடி. ஒரு முகத்துக்கு உரிய எட்டுப் பக்கங்களின் கறுப்புப் பிலிமை ஒரு பெரிய தாளிலும், பச்சைப் பிலிமை இன்னொன்றிலும், ஆரஞ்சை மற்றொன்றிலும் இடம் பார்த்து ஒட்ட வேண்டும். அந்தப் பெரிய தாளிலிருந்துதான் மெஷினில் மாட்டும் உலோகப் பிளேட் போடுவார்கள். ஒரு மைக்கு ஒரு முகத்துக்கு ஒரு பிளேட். மூன்று மை, இரண்டு முகம், மொத்தம் ஆறு பிளேட்.

கதை எளிமையானது. ஒரு அம்மா, ஒரு சின்னப் பெண். அம்மாவுக்குப் பச்சை மழைக்கோட்டு, பெண்ணுக்கு ஆரஞ்சு மழைக்கோட்டு. இரண்டிலும் தலையை மூடும் தொப்பி உண்டு, அதனால் முகமோ தலைமுடியோ வரையவில்லை. அம்மா வேலைக்குப் போகிறாள். தெருவின் ஏழாவது விளக்குக் கம்பம் வரைக்கும் வந்து காத்திருக்கலாம், அதைத் தாண்டக்கூடாது என்பது பெண்ணுக்குக் கட்டளை. பெண் ஒவ்வொரு கம்பமாக நகர்கிறாள். அம்மா இப்போது எங்கே இருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறாள். நினைப்பில் வரும் அம்மா பக்கம் நிறையப் பெரிதாக இருக்கிறாள். காத்திருக்கும் பெண் மூலையில் சிறிதாக இருக்கிறாள். பதினான்காம் பக்கத்தில் வெறும் மழை, கறுப்பில் மட்டும். பதினைந்தாம் பக்கத்தில் அம்மா வந்துவிடுகிறாள். அந்தப் பக்கத்துக்கு வார்த்தை இல்லை.

எங்கள் அம்மா வரவில்லை. அக்காவுக்கு ஒன்பது வயது, எனக்கு நான்கு. மழை நாளில் வேலைக்குக் கிளம்பியவள் ஏறிய பேருந்து பாலத்திலிருந்து கவிழ்ந்தது. அக்கா எங்கள் தெருவின் ஏழாவது கம்பத்தில் மூன்று நாள் போய் நின்றாளாம். எனக்கு எதுவும் நினைவில்லை. அம்மாவின் முகம்கூட ஒரே ஒரு புகைப்படத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதுதான். அம்மாவைத் திரும்ப வரவைக்கத்தான் அக்கா அந்தப் புத்தகத்தையே வரைந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிலிமின் ஓரத்தில் எந்த மைக்கு எது என்று கத்தரித்த வெட்டு இருக்கும். பச்சைக்கு ஒரு வெட்டு, ஆரஞ்சுக்கு இரண்டு. ஒவ்வொன்றையும் ஒட்டும்முன் விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பத்துப் பன்னிரண்டு பக்கம் ஒட்டியபின் நான் தடவுவதை விட்டுவிட்டேன். என் அக்கா வரைந்த கதை, எனக்கு மனப்பாடம். பெரிய உருவம் வந்தால் அம்மா, பச்சைத் தாளுக்குப் போகும். சின்ன உருவம் வந்தால் பெண், ஆரஞ்சுத் தாளுக்குப் போகும். கை தானாகப் போயிற்று. வெளியாள் யாராவது ஒட்டியிருந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெட்டைப் பார்த்து ஒட்டியிருப்பான், தப்பே வந்திருக்காது.

பதினைந்தாம் பக்கத்தில் அக்கா கோணத்தைத் திருப்பியிருந்தாள். அங்கே நாம் பெண்ணின் பின்னால் நிற்கிறோம். அவளுடைய முதுகு இடுப்பு வரைக்கும் பக்கத்தை அடைத்துக்கொண்டு பெரிதாக இருக்கிறது. தெருவின் மறுகோடியில், விரல் நகத்தளவுக்கு, அம்மா வந்துகொண்டிருக்கிறாள். நான் பெரியதை எடுத்துப் பச்சையில் ஒட்டினேன். சின்னதை எடுத்து ஆரஞ்சில் ஒட்டினேன்.

அப்போதெல்லாம் சரிபார்க்க எடுக்கும் நகல் ஒரே நீலத்தில்தான் வரும். அதில் எழுத்துப் பிழை தெரியும், நிறம் தெரியாது. மெஷினில் ஓடியபோது சிலுவைக் குறிகள் ஊசிமுனைகூட விலகாமல் உட்கார்ந்தன. அவ்வளவு சுத்தமான தப்பு.

புத்தகக் கட்டுகள் வந்த அன்று அக்கா ஒரு பிரதியை எடுத்துப் பதினைந்தாம் பக்கத்தைத் திறந்தாள். பெரிய பச்சை முதுகு ஒன்று தெருவைப் பார்த்து நின்றது. எங்கோ தூரத்தில் ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளி. அவள் புத்தகத்தை மூடி மேலட்டையை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்தாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

முதலாளி கேட்டபோது, பிளேட் மாட்டும்போது மாறியிருக்கும் என்று சொன்னேன். அவர் துணிக்கடையிலிருந்து அச்சகத்துக்கு வந்தவர், நம்பிவிட்டார். மெஷின்காரரை எல்லோரும் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். முதலாளி அவரை நடு ஹாலில் நிறுத்தி வைத்துத் திட்டினார். பெரியவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்படியே மெஷினுக்குத் திரும்பிப் போனார். அடுத்த மாதம் அவரை மெஷினிலிருந்து எடுத்துத் தாள் வெட்டும் இடத்தில் போட்டார்கள். அங்கேயே இருந்து ஓய்வு பெற்றார், இப்போது உயிரோடு இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடத்தில் நான் பிலிம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்று பதிப்பகத்தார் சொல்லியிருந்தார்கள். அதற்குள் பரிசு வந்துவிட்டது. நடுவர்கள் பாராட்டியதே அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். திரும்பி வர முடியாத ஒரு தாயின் முதுகுக்குப் பின்னால் குழந்தைகளைக் கொண்டுபோய் நிறுத்தி, அவள் கண்ணால் மகளைப் பார்க்க வைத்த துணிவு என்று எழுதியிருந்தார்கள். மேடையில் அக்காவிடம் அந்த முடிவைப் பற்றிக் கேட்டார்கள். அது அப்படி வந்துவிட்டது என்று சொன்னாள். அடக்கம் என்று கைதட்டினார்கள். அப்புறம் எவன் திருத்துவான்? ஒன்பது பதிப்பு அப்படியே போயிற்று. அக்கா வேறு புத்தகம் வரையவில்லை.

இந்த வருடம் ஒரு பதிப்பகம், அந்தப் பத்தாண்டில் பரிசு பெற்ற பத்துச் சிறுவர் நூல்களை ஒரே அளவில், ஒரே பெட்டியில் மறுபடி கொண்டுவர முடிவு செய்தது. அச்சடிப்பது நான் இப்போது வேலை செய்யும் இடத்தில். லைட் டேபிளெல்லாம் போய்விட்டது. கணினியில் பக்கங்களை அடுக்கி நேராகப் பிளேட்டுக்கு அனுப்புகிறேன். எல்லாக் கோப்பும் என் கையைத் தாண்டித்தான் போகும்.

பதிப்பாசிரியை அக்கா வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பையிலிருந்து பழைய பிரதிகளை எடுத்துப் பரப்பினாள். நல்ல பிரதி கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்ததாம். நூலகங்களில் கிடைத்த நான்கில் இரண்டில் கடைசித் தாளையே யாரோ கிழித்திருக்கிறார்கள். ஒன்றில், ஆரஞ்சு உருவத்துக்குப் பக்கத்தில் துணைக்கு ஒரு நாயைப் பென்சிலால் வரைந்திருந்தது ஒரு பிள்ளை.

அக்காவுக்கு இடது கண் அப்போதே போயிருந்தது. பார்வையின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, சுற்றிலும் மட்டும் வெளிச்சம். வலது கண்ணால் பார்க்கத் தலையைச் சாய்ப்பாள். "காக்கா பார்க்கிற மாதிரி பார்க்கிறேன்னு நினைச்சுக்காதே, எனக்கு அப்படித்தான் தெரியும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். பிறகு சுற்றி வளைக்காமல், பதினைந்தாம் பக்கத்தில் நிறம் மாறிவிட்டது, உண்மையில் பெரியது ஆரஞ்சு, சின்னது பச்சை, இந்தப் பதிப்பில் அதைச் சரிசெய்து போடவேண்டும் என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. நடுவர் குறிப்பைப் பின்னட்டையில் போடுகிறோம், பரிசு பெற்ற நூல் என்றால் பரிசு பெற்றபடி இருக்க வேண்டாமா என்றாள். வேண்டுமானால் சரியான படத்தையும் கடைசியில் தனியாகச் சேர்க்கிறேன் என்றாள். இரண்டு முடிவு வைத்தால் குழந்தை எதை நம்பும் என்று அக்கா கேட்டாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பிரதிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்.

"எனக்கு ஏழு வயசுல எங்கம்மா தவறிட்டாங்க மேடம். அத்தை இந்தப் புக்கை வாங்கிக் கொடுத்தாங்க. தினமும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் படுப்பேன். அம்மா அங்க நின்னு என்னைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க, வரத்தான் முடியலன்னு நினைச்சுக்குவேன். அதை மாத்தணும்னு சொன்னா... என்னால முடியல மேடம். மன்னிச்சிருங்க."

அக்கா என்னிடம் அவளுக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவரச் சொன்னாள். அவள் படியிறங்கிப் போகும் சத்தம் அடங்கும் வரை அக்கா நாற்காலியின் கையைப் பிடித்தபடி இருந்தாள்.

"நல்ல பொண்ணு. அவ அம்மா அவளுக்கு நிக்கிறா. என் அம்மா எனக்கு வரவேணாமா?"

நான் காலி டம்ளரை எடுக்கக் குனிந்தேன்.

"ஃபைலெல்லாம் உன் கையிலதானே வரும்? நீயே மாத்திப் போட்டுடு."

அப்படிச் செய்ய முடியாது, என் வேலை போவது இருக்கட்டும், அச்சகத்தின் பெயரே போய்விடும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அன்னிக்கு அந்தாளு பிளேட்டை மாத்தி மாட்டினதுக்கு, இப்ப நான்..." என்று முப்பத்தோரு வருடத்துப் பொய்யைப் பழக்கத்தில் மறுபடி எடுத்துவிட்டேன்.

"பிளேட்டு மாறியிருந்தா அந்த முகத்துல நிறம் இருக்கிற எல்லாப் பக்கமும் மாறியிருக்கணும்டா" என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல். "ரெண்டாம் பக்கத்துல அம்மா ஆரஞ்சுல நின்னிருக்கணும், மூணாம் பக்கமும் மாறியிருக்கணும். ஒரே ஒரு பக்கம் மாறுச்சுன்னா அது ஒட்டுற இடத்துல மாறினது. நீதானே காலண்டர் தாளை மடிச்சுச் சொல்லிக் கொடுத்தே."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"கட்டுப் பிரிச்ச அன்னிக்கே தெரியும். உன் பொண்ணுக்கு அப்ப மூணு மாசம். வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். நீயா வந்து சொல்லுவேன்னு ரொம்ப நாள் பார்த்தேன். அப்புறம் பார்க்கிறதை விட்டுட்டேன்."

சின்னதாக இருந்ததால் அதைப் பெண் என்று நினைத்து ஒட்டினேன் என்றேன். முழுப் பூசணிக்காயை இத்தனை வருடம் சோற்றில் மறைத்துவிட்டு, வெளியே எடுத்தபோது இவ்வளவுதான் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம்.

"தூரத்துல இருந்தா யாரா இருந்தாலும் சின்னதாத்தான்டா தெரிவாங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். பார்வை என் முகத்தில் விழாமல் காதுப் பக்கம் விழுந்தது. "ஒரு தடவை தெரியாம மாத்தினே. இந்தத் தடவை தெரிஞ்சு மாத்து."

சரி என்றேன்.

அவளுடைய பழைய தாள்கள் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப் பைக்குள் தட்டையாக இருந்தன. ஓரம் பழுத்திருந்தாலும் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. பதினைந்தாம் பக்கத்தின் மூன்று தாள்களையும் ஸ்கேன் செய்து, கணினியில் சிலுவைமேல் சிலுவை வைத்தேன். முதலில் கறுப்பு: தெரு, கம்பங்கள், மழைக் கோடுகள். பிறகு முதுகுக்கு ஆரஞ்சைக் கொடுத்தேன். கடைசியாக அந்தச் சின்ன உருவத்துக்குப் பச்சை.

அதுவரைக்கும் யாரும் பார்த்திராத படம். திரையில் அதைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கியபோது, பச்சைக் கோட்டுக்குக் கீழே இரண்டு கால்களில் ஒன்றுக்கும் தரைக்கும் நடுவே மயிரிழை வெள்ளை தெரிந்தது. அக்கா அதை அவ்வளவு சின்ன இடத்தில் பேனா முனையால் விட்டிருக்கிறாள். மலிவான தாளில் மை பரவும். பழைய பதிப்புகளில் அந்த இடைவெளி மூடிக்கொண்டு, உருவம் சும்மா நிற்பதுபோல் ஆகிவிட்டது. உண்மையில் அந்தக் கால் தரையில் இல்லை. அம்மா ஓடி வருகிறாள்.

பதிப்பகம் கேட்டபடி, அதே ஸ்கேனில் பழைய நிறம் கொடுத்த கோப்பையும் செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பெயர் ஒன்றேதான், கோப்புறைதான் வேறு. எதை இழுத்து எதில் விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பிளேட்.

வியாழக்கிழமை அக்காவின் வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்தது. கண்ணின் பின்சுவரில், நடுவில், கடுகளவு இடம் ஒன்று இருக்கிறது. எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, ஒரு முகத்தை இன்னாருடையது என்று அறிவது எல்லாம் அந்தக் கடுகின் வேலை. சுற்றியுள்ள மற்ற இடத்துக்குப் பெரிய வடிவமும் அசைவும்தான் தெரியும். இடது கண்ணில் போனது அந்தக் கடுகுதான். இப்போது வலதிலும் போய்விட்டது. ஊசி போட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று மருத்துவர் சொன்னார். சொல்லும்போது அவர் பொம்மைக் கண் ஒன்றைத் திறந்து காட்டினார். வேறொரு நாளாக இருந்திருந்தால் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், சரியான பக்கத்தை நல்ல தாளில் அடித்து எடுத்துக்கொண்டு போனேன். அக்கா ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். தாளை மடியில் வைத்தேன். தலையை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள்.

"ஆரஞ்சு தெரியுது. நல்ல ஆரஞ்சு." கையால் அந்த முதுகைத் தடவினாள். பிறகு தாளைத் தூக்கிப் பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள்.

"அம்மா எங்கடா?"

அவளுடைய விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். வைத்ததும் விரல் நுனி அம்மாவை மூடிவிட்டது. விரலை எடுத்தால் அந்த இடம் கண்ணின் கறுப்புப் பொட்டுக்குள் போயிற்று. கண்ணைத் திருப்பினால் பொட்டும் கூடவே திரும்பியது. ஒரு கால் தூக்கியிருக்கிறது, ஓடி வருகிறாள் என்று சொன்னேன்.

"தெரியும். நான்தானே வரைஞ்சேன்."

எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, கதவளவு பெரிதாக்கி இன்னொரு தாளில் அடித்து வைத்திருந்தேன். அதை விரித்துச் சுவரில் பிடித்தேன். அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். பச்சை தெரிகிறது, ஆனால் தெரு இல்லை, கம்பம் இல்லை, எதிரில் நிற்கும் பெண் இல்லை, இவள் யாரிடம் வருகிறாள் என்று கேட்டாள். கை வலித்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன். மடித்து வைத்துவிடச் சொன்னாள்.

பழைய புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வரச் சொன்னாள். பதினைந்தாம் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பிடித்து, தலையைத் திருப்பி, கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். பக்கம் நிறைந்த பச்சை.

"இதுல தெரியறா" என்றாள்.

அது நீ இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன்.

"நான்தான். எனக்குத் தெரியாதா?" என்றாள் அவளே. "என் முதுகைத்தான் வரைஞ்சேன். ஆனா அன்னிக்கு அவ கிளம்பறப்ப கதவுல நின்னு நான் பார்த்ததும் முதுகுதான்டா. முகத்தைப் பார்க்கல. உன்னைச் சட்டையைப் பிடிச்சு இழுத்து வெச்சிருந்தேன், பின்னாடியே ஓடப் பார்த்தே."

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. அம்மா இந்தப் பச்சைக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனாளா என்று கேட்டேன்.

"கோட்டு ஏதுடா அவளுக்கு? ஒரு சாக்கை மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டுப் போனா."

கீழே தெருவில் ஒரு வண்டி நின்று கிளம்பியது. அக்கா பக்கத்தை மூடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மாற்ற வேண்டாம், பழையதே போகட்டும் என்றாள். உனக்காகச் சொல்கிறாயா, அந்தப் பதிப்பாசிரியைக்காகச் சொல்கிறாயா என்று கேட்டேன். அவள் பக்கத்தைத் தடவிக்கொண்டே, பெரியவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். ஒரு மகன் இருக்கிறான், எங்கே என்று தெரியாது என்றேன். தேடிப் பிடித்துப் போய்ச் சொல்லிவிட்டு வா, என்னிடம் சொன்னதுபோல் ஒரே வரியில் முடித்துவிடாதே என்றாள்.

திங்கட்கிழமை காலை பிளேட் போட்டுக் கொடுத்தேன். ஒரு முகம் ஓடி, காய்ந்து, மறுமுகம் ஓடியது. இருநூறு தாள் வீணாகப் போன பிறகுதான் மை நிலைக்கு வரும். அதன்பின் வரும் நல்ல தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, பேஸ்டிங் பார்த்தவன் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் மிச்சத்தை ஓட்டுவார்கள். மெஷின்காரர் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். சிலுவைகளைப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தன. நல்ல தாள் என்பதால் மை பரவவில்லை. ஆரஞ்சுப் புள்ளிக்குக் கீழே ஒரு கால் தரையை விட்டு எழும்பியிருப்பது இந்தத் தடவை தெரிந்தது. பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. நிமிர்ந்தேன்.

"பதினஞ்சு ஓகேவா சார்?" என்று கேட்டார்.

ஓகே என்று சொல்லி, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.